மேக்காட்டில் நாளைக்கு இறங்க வேண்டாம்

வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் ஆபீஸ் விஷயம் எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் மாமியாருக்கே இன்னும் பிடிபடவில்லை. 'போன்ல ஏதோ ஏலக்காய் யாவாரம்' என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். இந்த வாரம் அந்த விதியை மீறுகிறேன். காரணம், ஜோதி.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், சூப்பர்வைசருக்கு எங்கள் மொபைல் ஆப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். லேசான சாரல். கொஞ்சம் தள்ளி, செடிகளின் அடியில் குனிந்து பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று அந்தச் சத்தம் நின்றது.

"ஏ ஜோதி... இந்தா, இங்க பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பெண். செடித் தூரில் சாய்ந்துகொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வேர்வை. வாயோரம் எச்சில் வடிந்தது. கை நடுங்கியது.

"வெரசா தூக்குங்கடி. ஜீப்பக் கொண்டாரச் சொல்லு" என்றார் பாண்டியம்மாள். அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு — அவர்கள் பாஷையில் 'செட்டு'க்கு — தலைவி. ஐம்பது வயது இருக்கலாம். தினமும் விடிவதற்கு முன்பே போடியில் ஆட்களைத் திரட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருபவர்.

வளைவுகளில் ஜீப் இறங்க இறங்க, ஜோதியின் தலை என் மடியில் உருண்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

"காலையில சாப்பிட்டாளாக்கா?"

"சாப்பிட்டுத்தான் ஏறுனா. காட்டுக்குள்ள எறங்கும்போதே மருந்து வாடை. நேத்து அடிச்சிருப்பாக போல. யாரும் சொல்லல தாயி."

நான் போனை எடுத்து எங்கள் ஆப்பைத் திறந்தேன்.

அது என்ன ஆப்பு என்று சொல்லிவிடுகிறேன். பெயர் 'சரம்'. ஏலச் செடியின் அடியில், பூவும் காயுமாகத் தரையோடு படரும் கொத்துக்குச் சரம் என்று பெயர். இந்த மலையில் பல தோட்டங்களில், பூச்சி இருக்கிறதோ இல்லையோ, மாதம் பிறந்தால் பூச்சிமருந்து அடித்துவிடுவார்கள். பூச்சியோடு தேனீயும் போகும். மிச்சம் மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். ஓடை கீழே இறங்கி யார் வீட்டுக் குடத்துக்குப் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எங்கள் ஆப்பு ஒரு சின்ன வேலை செய்கிறது. செடியில் பூச்சி எவ்வளவு, மழை எப்படி என்று பார்த்து, 'இப்போது மருந்து வேண்டாம்' என்றோ 'இந்த இடத்தில் மட்டும் அடியுங்கள், தேனீ அடங்கிய பிறகு சாயங்காலமாக அடியுங்கள்' என்றோ தோட்டக்காரருக்குச் சொல்லும். அடித்தால் அவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். போடியில் இருந்துகொண்டு இந்த ஆப்பை மேய்ப்பதுதான் என் வேலை. பதவியின் பெயர் ப்ராடக்ட் மேனேஜர்.

ஜீப்பில் ஆப்பைத் திறந்தேனா... அந்தத் தோட்டத்தின் பெயருக்கு நேரே பச்சை டிக்கோடு பளிச்சென்று இருந்தது: 'மேக்காடு. நேற்று மாலை மருந்து அடிக்கப்பட்டது.'

இங்கே தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்பார்கள்; இது மேல்பகுதி. முதலாளி ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார். பதிவு செய்துவிட்டு, காயை விற்கப் போடி ஏல மையத்துக்குப் போய்விட்டார். அவர் போனுக்குத் தெரியும். என் போனுக்குத் தெரியும். சென்னை ஆபீஸில் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரைக்குத் தெரியும். அந்தக் காட்டுக்குள் குனிந்து முகத்தை நுழைத்த ஜோதிக்கு மட்டும் தெரியாது.

நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சாயங்காலத்துக்குள் ஜோதி கண்ணைத் திறந்துவிட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைய பால்வாடியில இருந்து யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட்டாச்சுடி. படு" என்றார் பாண்டியம்மாள். பிறகு வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒன் போனுக்குத் தெரியுதுல்ல தாயி... அத எங்க போனுக்குக் கொஞ்சம் சொல்லச் சொல்லேன்."

செய்துவிட வேண்டும் என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சென்னையோடு வீடியோ மீட்டிங். எங்கள் தலைவர் ரகு சார் நல்ல மனிதர். ஜோதியைப் பற்றி நிஜமாகவே அக்கறையாக விசாரித்தார். அப்புறம் சொன்னார்.

"பட், நம்ம யூசர் யாரு? தோட்டக்காரர். லேபர் நம்ம யூசர் இல்லையே."

"சரி சார். ஆனா மருந்துக்கு அது தெரியாதே."

"தோட்டக்காரங்க கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? அவங்க இல்லாம ஆப்பே இல்ல. மருந்தைக் குறைக்கிற வேலையும் போச்சு."

நியாயமான கேள்வி. செய்து பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். விடாமல் சொன்னேன். மீட்டிங் முடிவதற்குள் அரைமனதாகச் சம்மதித்தார்.

காய் எடுக்கிற பெண்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஆப்பு உதவாது, போன்கால்தான். தோட்டக்காரர் மருந்தைப் பதிவு செய்துவிட்டால், மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போகிற செட்டில் எல்லாருக்கும் அன்று சாயங்காலமே தானாக ஒரு கால் போகும். எந்த மருந்து அடித்தால் எத்தனை நாள் உள்ளே இறங்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதைச் சொன்னால் போதும்.

முதலில் கம்ப்யூட்டர் குரலை வைத்தோம். 'வணக்கம். தாங்கள் பணிபுரியும் தோட்டத்தில்...' என்று ஆரம்பிக்கும். ஒருவர்கூட முழுதாகக் கேட்கவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்துக் கட் பண்ணிவிட்டார்கள்.

பாண்டியம்மாளையே ஆபீஸுக்கு வரவழைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், ஒவ்வொரு காட்டின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்தார். எங்கள் டெவலப்பர் அவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்தாள். இப்போது போனை எடுத்தால் இப்படிக் கேட்கும்: 'நான் பாண்டியம்மா பேசுறேன். தவமணி அய்யா தோட்டம். மேக்காட்டுல மருந்து அடிச்சிருக்காக. நாளைக்கு அங்க எறங்க வேணாம்.'

யாரும் கட் பண்ணவில்லை. பாண்டியம்மாள் போனைக் கட் பண்ணிவிட்டு மறுநாள் காலையில் அவர் முகத்தில் முழிக்க முடியுமா?

ஆனால், அவர் குரல் தோட்டக்காரர்களின் காதுக்கும் போய்விட்டது.

தவமணி அய்யா எனக்குச் சித்தப்பா முறை. போடியில் ஏலக்காய்க் கடை, மேலே தோட்டம். எங்கள் ஆப்பை முதன்முதலாகப் போட்டுக்கொண்டவர். எங்கள் போஸ்டரில் சிரிப்பவரும் அவர்தான். ஜோதி விழுந்ததும் அவருடைய மேக்காட்டில்தான். அவள் மருத்துவச் செலவை அவரே பார்த்துக்கொண்டார் — அதையும் சொல்ல வேண்டும். கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். போனேன். இன்னும் நாலைந்து தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"ஏந்தாயி, என் தோட்டத்துல நான் மருந்து அடிச்சா அது என் சோலி. அத ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"ஊருக்கு இல்ல சித்தப்பா. நாளைக்கு அங்க எறங்கப் போற ஆளுகளுக்கு மட்டும்."

"ஏன், அவுகளுக்கு நான் சொல்ல மாட்டேனா?"

"சொன்னீங்களா சித்தப்பா?"

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கல்லாப்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர்தான் பேச்சை முடித்தார். "சரிம்மா. நீ ஒன் போனப் போடு. நாங்க செய்யறதச் செஞ்சுக்கிறோம்."

என்ன செய்தார்கள்? யாரும் ஆப்பை அழிக்கவில்லை. சண்டைக்கு வரவில்லை. மருந்து அடித்தார்கள், அடித்ததைப் பதிவு செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பதிவு இல்லையென்றால் போன் இல்லை. அவ்வளவு சுலபம்.

இந்த இடத்தில்தான் கதையில் ஒரு கூத்து. ரகு சாரிடமிருந்து மெசேஜ் வந்தது. கைதட்டும் பொம்மைகளோடு. 'மருந்து உபயோகம் சர்ரென்று இறங்கிவிட்டது. அற்புதம். கிராஃபைப் பாருங்கள்.'

பார்த்தேன். மலைச்சரிவு மாதிரி ஒரு கோடு. அழகாக இறங்கியது. அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூச்சிமருந்துக் கடையைத் தாண்டி நடந்தேன். எப்போதும் போல ஜீப்பில் லோடு ஏறிக்கொண்டிருந்தது.

ரகு சார் அந்தக் கோட்டை, எங்களுக்கு நிதி தருகிறவர்களிடம் காட்டுகிற பிரசன்டேஷனில் ஏற்கெனவே ஒட்டிவிட்டார். நான் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அவருக்குப் பெயர். எனக்குப் பாராட்டு. தோட்டக்காரர்களுக்கு நிம்மதி. சுற்றுச்சூழல் என்ன, எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறது?

போன் போட்டேன். "சார், அந்த கிராஃப் பொய். அதை எடுத்துருங்க."

விளக்கினேன். எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "அப்போ சிம்பிள். போன்காலை நிறுத்துங்க. பதிவு திரும்ப வந்துரும்."

"நிறுத்த மாட்டேன் சார்."

"நீங்க ப்ராடக்ட் மேனேஜரா, தொழிற்சங்கத் தலைவியா?"

"நம்ம ஆப்பு சொல்றது உண்மையா இருக்கணும்னு பார்க்கிற ஆளு சார். அதுக்குத்தான் சம்பளம் தர்றீங்க."

இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை நான். அவர் கத்தவில்லை. "சரி... எனக்கு ஒரு வழி கொண்டாங்க. கோபம் மட்டும் கொண்டு வராதீங்க" என்று வைத்துவிட்டார். சொன்னேனே, நல்ல மனிதர்.

வழி தேடி பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரும் ஒரு குறை சொன்னார்.

"போன் வராத அன்னைக்கு எங்களுக்குத்தான் கொழப்பம் தாயி. அடிக்கலையா, அடிச்சுப்புட்டுச் சொல்லலையா? வாடை வந்தாத்தான் தெரியுது."

ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மருந்து அடித்த அன்றைக்கு மட்டும் போன் போவதால்தானே இந்தக் கோளாறு? தினமும் போகட்டும். தோட்டக்காரர் தினமும் ஒரு பட்டன் அமுக்க வேண்டும் — அடித்தேன், அல்லது அடிக்கவில்லை. அவர் எதையும் அமுக்காவிட்டாலும் சாயங்காலம் கால் போகும். இப்படி: 'நான் பாண்டியம்மா பேசுறேன். தவமணி அய்யா தோட்டம். மருந்து பத்தி ஒண்ணும் சொல்லல.'

எங்கள் ஆப்பு யாரையும் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை, சொல்லாமல் விட்டார்கள் என்று சொன்னது. தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் இதை முன்கூட்டியே எழுதி அனுப்பினோம். ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. 'சரி' என்று ஒரே வார்த்தையில் ரகு சார் அனுமதி தந்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவர் எத்தனை பேரிடம் பேச வேண்டியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் கையில் இல்லை. செட்டுத் தலைவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காய் எடுப்புக் காலத்தில் ஆளுக்கு எவ்வளவு கிராக்கி என்று போடிக்காரர்களுக்குத் தெரியும். ஒரு ஜீப் ஆளைப் பிடிக்க ஒன்பது தோட்டக்காரர்கள் நிற்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் தவமணி சித்தப்பா தோட்டத்துக்கு 'ஒண்ணும் சொல்லல' என்றுதான் போன் போயிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். ஜீப் ஸ்டாண்டில் தவமணி சித்தப்பாவின் ஜீப் நிற்கிறது. பாண்டியம்மாள் செட்டு கீழே நிற்கிறது. ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அப்புறம் முதலாளிக்கு போன் போட்டார். நான் அன்றைக்கு வேறொரு தோட்டத்துக்குப் போக அங்கே வந்திருந்தேன். சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார்.

"என்ன பாண்டியம்மா, இன்னைக்குப் பணிக்கு வரலையா?"

"வர்றோம் அய்யா. மேக்காட்டுல மருந்து அடிச்சிருக்கீகளா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். ஏறுங்க மொதல்ல."

"அடிச்சிருக்கீகளா அய்யா?"

அதே குரல். உயரவும் இல்லை, தாழவும் இல்லை. பின்னால் ஜோதி நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. சித்தப்பா அவளைப் பார்த்தார். பக்கத்து ஜீப் டிரைவர்கள் டீக்கிளாஸோடு திரும்பி நின்றார்கள். அவர் 'வராட்டிப் போங்க' என்று சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். மற்றவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள்.

"முந்தாநேத்து அடிச்சேன்" என்றார்.

"கீழ்க்காட்டுல?"

"அங்க அடிக்கல."

"சரிய்யா. கீழ்க்காட்டுல எறங்குறோம். மேக்காட்ட அப்புறம் பாப்போம். ஏறுங்கடி."

அவ்வளவுதான். எல்லாரும் ஏறினார்கள். ஜீப் கிளம்பிப் போனது. சித்தப்பா பைக்கில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எதையோ அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டா என்ன தாயி, கொறஞ்சா போவீக?" என்றார்.

போட்டோம். அந்த வாரமே போட்டோம்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். சிலர் ஆப்பை அழித்துவிட்டுப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் பந்தியில் வேறு வரிசைக்கு நகர்கிறவர்களும் உண்டு. போகட்டும்.

இருக்கிறவர்களிடம் ஒன்று நடந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று.

மருந்து அடித்தால் அந்தக் காட்டில் சில நாள் ஆள் இறங்காது. பழுத்த காய் சரத்திலேயே கிடக்கும். அதனால் தோட்டக்காரர்கள் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க ஆரம்பித்தார்கள். நிஜமாகவே பூச்சி இருக்கிறதா? முழுக்காட்டுக்கும் அடிக்க வேண்டுமா, ஓரத்தில் மட்டும் போதுமா? எங்கள் ஆப்பு இத்தனை நாளாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்த அதே யோசனை. தேனீ சாகிறது என்று படம் போட்டுச் சொன்னோம், தலையாட்டினார்கள். ஓடை கெடுகிறது என்று வீடியோ காட்டினோம், அதற்கும் தலையாட்டினார்கள். நாளைக்கு ஆள் வராது என்றதும் மருந்து குறைந்தது. மனிதர்களைத் திருத்துவதற்குப் பூமியைக் காட்டுவதைவிடப் பக்கத்து மனிதரைக் காட்டுவது சுலபம் போலிருக்கிறது.

ரகு சார் பிரசன்டேஷனில் கோட்டை மாற்றிவிட்டார். முதலில் செங்குத்தாக மேலே ஏறுகிறது — மறைத்ததெல்லாம் வெளியே வந்த இடம். அப்புறம் மெல்ல, மெல்ல இறங்குகிறது. முன்னதைப் போல அழகான கோடு இல்லை. அதைக் காட்டி, 'ஏன் ஏறியது' என்பதையும் அவரே அவர்களுக்கு விளக்கியிருக்கிறார். நிதி இன்னும் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் வேறு கதவைத் தட்டுவோம். போன்கால் மட்டும் நிற்காது. இதை நான் என் மாமியாரிடமே சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாரத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போடுகிற ஓர் அண்ணன், இந்தப் போன் விஷயத்தை யார் மூலமோ கேள்விப்பட்டு, என்னைத் தேடி வந்து பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். யானை இறங்கி அவர் சோளத்தை மிதித்துவிட்டுப் போயிருந்தது.

"ஆனை வருதுன்னு சாயங்காலமே ஒரு போன் போட முடியுமா தாயி?"

"போடலாம்ணே. ஆனா, வரப்போறேன்னு யாராவது மொதல்ல ஆப்புல பதிவு பண்ணணுமே. ஆனை பண்ணுமா?"

அவர் இலையில் இருந்த அப்பளத்தை நிதானமாக நொறுக்கிவிட்டுச் சொன்னார்:

"போடி மொதலாளிகளே பண்றாகளாம்... ஆனை பண்ணாதா?"